சீதன வயலின் மூன்று மண்

போன மாதம் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். இளம் பிள்ளை, நல்ல அடக்கம். கையில் டோர்ச் லைட் அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய் முற்றத்து மாதுளை மரத்தடியில் குத்தினார். நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கி முடிப்பதற்குள் மண்ணின் புளிப்பு இவ்வளவு, ஈரம் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று இலக்கங்கள் வந்து நின்றன. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆயுள் பூராவும் மண்வெட்டியும் வாளியுமாக அலைந்தவனுக்கு வராமல் என்ன செய்யும்?

"ஒங்கட காலத்தில ஒரு வயல்ட மண்ணப் பார்த்துச் சொல்ல எவ்வளவு காலம் போகும் சேர்?" என்று கேட்டார்.

"மண்ணால நமக்கு ஒரு நாளும் சுணக்கம் வந்ததில்ல தம்பி. மண்ணக் கொண்டுவாற ஆக்களாலதான் சுணங்கும். ஒரே வயலுக்கு மூணு தரம் மண் பார்த்து, அதால ஒரு கலியாணமே நிண்டுபோகப் பார்த்த கதையும் இரிக்கி."

அவர் கருவியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சன்காரனுக்குக் கதை கேட்க ஒரு ஆள் வந்தால் விடுவானா? அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட சிலதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் நிந்தவூரான். விவசாயப் பாடசாலையில் படித்தேன், மழையில் நனைந்தேன், அட்டை கடித்தது, சான்றிதழ் தந்தார்கள். படிப்பைப் பற்றி அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கம் வேலைக்கு வந்தபோதுதான் நடராசா ஐயாவின் கையில் அகப்பட்டேன். அவர் யாழ்ப்பாணத்தவர். மண் பரிசோதனைக்குப் பொறுப்பான பெரியவர். ஒல்லி உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் எப்போதும் மடித்த லேஞ்சி. அந்தக் கைக்குட்டையால் அவர் முகம் துடைத்து நான் கண்டதில்லை. மண்வெட்டியைத்தான் துடைப்பார்.

மனிதரில் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மண்ணில்தான் முழு நம்பிக்கையும். மண்ணை "ஆள்" என்றுதான் சொல்லுவார். "ஆளை வெயிலில போடாதையும் காணும், நிழலில காயவிடும்." "ஆளுக்குக் கொஞ்சம் உப்புக் கூட." "ஆள் நல்லவர், ஆனால் பசியோட இருக்கிறார்." முதல் கிழமை, கந்தோரில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து நான் பக்கத்து மேசைக்காரரிடம் விசாரித்தும் இருக்கிறேன்.

மண் எடுக்கும் முறையை அவர் ஒரு தொழுகையைப் போல ஒழுங்காகச் செய்வார். வயலில் முதலில் ஒன்றும் செய்யமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரம்பில் நின்று பார்ப்பார். வைக்கோல் எரித்த இடம், மாடு கட்டிய இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம், இதெல்லாம் விலக்கு. பிறகு நேர்கோட்டில் நடக்காமல், நடந்துகொண்டே மூத்திரம் பெய்கிற மாடு தரையில் போடுகிற கோடு மாதிரி வளைந்து வளைந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் மேலே கிடக்கிற, நெல் அறுத்த தாள்கட்டையை விலக்கி, ஆறு அங்குல ஆழத்துக்குச் சரிவாக இரண்டு வெட்டு. குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பில் ஒரு துண்டைச் சீவி எடுத்து வாளியில் போட வேண்டும். மேலே தடிப்பு, கீழே மெல்லிசு என்றால் அந்தத் துண்டை எறிந்துவிடுவார். எல்லாத் துண்டையும் கலந்து, சாக்கில் பரப்பி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வீசி, மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி நாலு பங்கு. கடைசியில் ஒரு பிடி மண். முழு வயலும் அந்தப் பிடிக்குள் இருக்க வேண்டும். அது துணிப்பையில் ஏறி, மலைநாட்டில் இருந்த ஆய்வுகூடத்துக்குப் பஸ்ஸில் போகும்.

இவ்வளவையும் விவசாயிகளுக்கு நான் படம் கீறி விளங்கப்படுத்துவேன். அவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்த் தங்கள் இஷ்டத்துக்கு மண் கொண்டுவருவார்கள். ஏமாற்றுவதற்கு இல்லை, மரியாதைக்கு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மீனில் நடுத்துண்டை வைக்கிற ஊர் இது. கந்தோருக்குக் கொடுக்கிற மண்ணைச் சும்மா அள்ளிக் கொடுக்க மனம் வருமா? ஒருவர் கறையான் புற்றை உடைத்து மாவாக்கிக் கொண்டுவந்தார். இன்னொருவரின் மனைவி மண்ணை இடியப்ப மா அரிக்கிற அரிதட்டில் அரித்து, போணியில் போட்டு மூடி அனுப்பியிருந்தார். காயவைத்துக் கொண்டுவரச் சொன்னேன் என்பதற்காக, மழை நாளில் மண்ணைச் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டு வந்த மனிதரும் உண்டு. நடராசா ஐயா அதை மணந்து பார்த்தார்.

"கொத்தமல்லி வறுத்த சட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. கழுவித்தான் வறுத்த" என்றார் அந்த மனிதர், பெருமையாக.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கதை தலைகீழாக மாறியது. மெலிந்த மண்ணுக்குக் கூடுதல் பசளை கொடுக்கப் போகிறார்களாம் என்று யாரோ தேத்தண்ணிக் கடையில் கிளப்பிவிட்டார்கள். அப்படி ஒரு திட்டமும் இருக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே ஊரில் உள்ள வயல் எல்லாம் மெலிந்து போனது. நேற்றுவரை புற்று மண் கொண்டுவந்தவர்கள், வரம்பில் புல்லும் முளைக்காத இடம் தேடி அலைந்தார்கள். அந்த நாட்களில்தான் அலியார் போடியாரும் ஒரு பை மண் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

அலியார் போடியார் எங்கள் தெருவில் பெரிய வயல்காரர். நாவலடிக் கண்டம் என்ற வயல்வெளியில் அவருக்கு மூன்று ஏக்கர், வாய்க்கால் பக்கத்தில், பார்த்தாலே கண் குளிர்கிற பூமி. அந்த வயல் அவருடைய ஒரே மகள் சுலைகாவுக்குச் சீதனம் என்று பிள்ளை பிறந்த அன்றைக்கே சொல்லி வைத்த வயல். எங்கள் பக்கத்துச் சங்கதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. வீடும் வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும்.

ஆய்வுகூடத்துப் பதில் வந்த அன்று நடராசா ஐயா என்னைக் கூப்பிட்டார். மேசையில் போடியார் தந்த மண்ணின் மிச்சம். அதன் மேல் ஒரு சின்னச் சிப்பி.

"நாவலடிக் கண்டம் கடலில இருந்து எவ்வளவு தூரம் காணும்?"

"மூணு மைல் வரும் ஐயா."

"அப்ப இந்தச் சிப்பி நடந்து வந்திருக்கு."

பதில் இங்கிலீசில் இருந்தது. ஐயா தமிழில் சொன்னார்: மணல் மிக அதிகம், உப்பும் அதிகம், நெல் செய்வது உசிதமல்ல, தென்னை பற்றி யோசிக்கலாம். நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. பதிலைக் கந்தோர்க் காகிதக் கோவையில் போட்டு, எழுந்து கை கழுவப் போனார். கூடுதல் பசளை யாருக்கும் வரவில்லை. போடியாரும் மறந்துவிட்டார். கோவை மட்டும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் சுலைகாவுக்குச் சம்பந்தம் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கல்முனைக்குடி றபீக். அவனுடைய வாப்பா உதுமாலெப்பை ஹாஜியார், புடவைக்கடைக்காரர். சுலைகா அதற்கு முதல் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். றபீக்குக்கு மட்டும் ஓம் சொன்னாள். ஏன் என்று அவளுடைய உம்மா ஆசியும்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பெருநாளுக்குச் சீலை எடுக்க அந்தக் கடைக்குப் போனபோது, இவள் ஒரு சிவப்புச் சீலையைக் கையில் எடுத்திருக்கிறாள். ஹாஜியார் மதியம் லுகர் தொழப் போயிருந்த நேரம். றபீக் மெதுவாக, "அது சாயம் போகும், எடுக்காதீங்க" என்றானாம். தன் கடைச் சரக்கைத் தானே குறை சொன்னவன். "அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓம் எண்டாள் புள்ள" என்றார் ஆசியும்மா.

ஆனால் ஹாஜியார் அப்படிப்பட்டவர் இல்லை. சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. வயலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கந்தோரில் மண்ணுக்கு ரிப்போட் இருக்கிறது என்று யாரோ சொல்ல, குடையும் கையுமாக நேரே வந்துவிட்டார். நான் அன்று கள வேலையில். நடராசா ஐயா மறைக்கத் தெரியாத மனிதர். ஹாஜியார் கேட்டதும் கோவையை எடுத்து வாசித்துவிட்டார்.

அன்று பின்னேரமே ஹாஜியார் அலியார் போடியாரின் வாசலில். அங்கே நடந்ததைத் தெருவே கேட்டது.

"நான் மகனுக்கு வயல்தான் கேட்ட, போடியார். நீங்க தென்னந்தோட்டம் தாற எண்டு சொல்லவே இல்லையே."

போடியார் இரண்டு பக்கமும் அகப்பட்டுக்கொண்டார். அது கடற்கரை மண் என்று சொன்னால் பசளைக்காகக் கள்ள மண் கொடுத்தவர் என்று சம்பந்தி முன்னால் பெயர் கெடும். சொல்லாவிட்டால் பொன் விளைகிற வயல் உப்பு மணல் என்று ஆகும். அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"அது சூறாவளி மண்ணு ஹாஜியார். காத்தோட வந்த. இப்ப மண்ணு திரும்பிட்டு. புதுசா ஒரு ரிப்போட் எடுத்துத் தாறன், பாருங்க."

எடுத்தும் கொடுத்தார். எங்கே எடுத்தார் தெரியுமா? எருமைப் பட்டியில். எத்தனையோ வருடம் எருமைகள் படுத்து எழும்பின இடம். அதை நன்றாகப் பொடித்து, எனக்குத் தெரியாமல் நேரே மலைநாட்டுக்கு மருமகன் முறையான ஒரு பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆய்வுகூடத்துக்காரர்கள் பதில் எழுதினார்கள்: அனுப்பியது மண்ணா, எருவா என்பதைத் தெளிவுபடுத்தவும். மண்தான் என்றால் சில போகங்களுக்கு எந்தப் பசளையும் இடத் தேவையில்லை.

போடியார் பெருமையோடு அதைக் கல்முனைக்குடிக்குக் கொண்டுபோனார். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"இம்புட்டு நல்ல சரக்க ஒருத்தன் கையால குடுப்பானா? எனக்கு இப்பதான் பயமா இரிக்கி" என்றார்.

பேச்சு அத்தோடு நின்றது. நாள் வைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நடுவில் தொங்கியது. ஒரு நாள் பின்னேரம் ஆசியும்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"தம்பி இஸ்மாயில், புள்ள ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடுறாள் இல்ல. கேட்டா பசிக்கல்ல எண்டுறாள். இவ்வளவு காலத்தில ஒரு மாப்பிளைக்குத்தான் வாய் திறந்து ஓம் எண்டவள். அந்த மனிசன் மண்ண அள்ளி அவள்ட தலையில போட்டுட்டார். நீங்க ஏதும் செய்ய ஏலாதா?"

சிரிப்புக் கதையாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் நடராசா ஐயாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே வயல். போன வருசம் கடற்கரை, இந்த வருசம் மாட்டுப்பட்டி. ஆளை இப்பிடி அவமானப்படுத்தக் கூடாது காணும்."

அவர் கவலைப்பட்டது மண்ணுக்காக. பெண்ணுக்காக இல்லை. ஆனாலும் அன்றைக்கே முடிவெடுத்தார். தானே வருவார். இரண்டு பகுதியும் வர வேண்டும். அவர் சொல்லாமல் ஒருவரும் மண்ணைத் தொடக்கூடாது.

மாரியின் முதல் மழை விழுந்து நிலம் பதப்பட்டிருந்த ஒரு காலையில் நாவலடிக் கண்டத்துக்குப் போனோம். அது மண் எடுக்கப் போன மாதிரி இல்லை, பெண் பார்க்கப் போன மாதிரி. பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் வரம்பில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஹாஜியார் வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, குடை, தோல் செருப்பு. வழுக்கு வரம்பில் தோல் செருப்போடு நடந்து காட்டிய ஒரே மனிதர் அவர்தான். பக்கத்தில் றபீக், அவனும் வெள்ளையில். வயல் ஓரத்தில் போடியாரின் வாடி, காவலுக்குப் போட்ட ஓலைக் கொட்டில். அதற்குள் ஆசியும்மாவும் சுலைகாவும். சாப்பாடு கொண்டுவந்தோம் என்று பெயர். நெய்ச்சோற்று வாசம் வாய்க்கால் வரைக்கும் வந்தது.

நடராசா ஐயா வழமைபோல் கையைப் பின்னால் கட்டி வரம்பில் நின்றார். அதற்குள் இரண்டு சம்பந்திகளும் தொடங்கிவிட்டார்கள்.

"ஐயா, நடுவுல எடுங்க. நடுவுலதான் மண்ணு மண்ணாட்டம் இரிக்கும்" என்றார் போடியார்.

"மூலையில எடுங்க ஐயா. குறைச் சீலைய எந்தக் கடைக்காரனும் நடுவுல வைக்கமாட்டான், மூலையிலதான் சொருகுவான்" என்றார் ஹாஜியார்.

ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லேஞ்சியை எடுத்து மண்வெட்டியைத் துடைத்தார்.

"பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அதால ரெண்டு பகுதியும் வெட்ட வேணும். நான் காட்டுற இடத்தில, நான் சொல்லுற ஆழத்தில."

போடியார் வெட்டினார். அந்த மனிதர் கள்ள மண் கொடுக்கலாம், ஆனால் மண்வெட்டி பிடித்தால் வேறு ஆள். வெண்ணெய் சீவின மாதிரி ஒரு துண்டு வந்தது. ஐயா "ம்" என்று வாளியைக் காட்டினார். ஹாஜியார் முதுகைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். மண்வெட்டி றபீக்கின் கைக்கு வந்தது. அவன் அதைச் சீலை அளக்கிற கஜக்கோலைப் போல இரண்டு விரலால் பிடித்தான். வரம்பில் குந்தியிருந்தவர்கள் சாரனை இழுத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

முதல் குழி கிணறு மாதிரி வட்டமாக வந்தது. ஐயா துண்டைக் கையில் வாங்கி, வரம்புக்கு அப்பால் அடுத்த வரவைக்குள் எறிந்தார். இரண்டாவது வெட்டுக்கு அவன் முழுப் பலத்தையும் போட்டான். மண்வெட்டி வழுக்கியது, அதோடு காலும் வழுக்கியது. ஆள் அப்படியே வாய்க்காலுக்குள் குப்புற. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லுவார்களே, இவனுக்கு மீசையே தெரியவில்லை. வரம்பு முழுக்கச் சிரிப்பு. வாடிக்குள் இருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அது ஆசியும்மாவின் சிரிப்பு இல்லை.

ஹாஜியார், "வாடா வெளிய, போவோம்" என்றார்.

றபீக் எழும்பினான். கண்ணில் இருந்த சேற்றைத் துடைத்தான். "ஐயா, இன்னொருக்கா வெட்டிப் பார்க்கிறன்" என்றான்.

மூன்றாவது தரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால் அகட்டி நின்று, போடியார் நின்ற மாதிரியே நின்று வெட்டினான். குழி ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. ஆழம் போதாது. துண்டு மேலே தடித்து, கீழே நூலாக வந்தது. ஐயா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "ம்" என்றார். எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டு வாடிப் பக்கம் திரும்பினார்கள். நான் வாளியோடு ஐயாவின் பின்னால் நடந்ததால் கண்டேன். அவர் அந்தத் துண்டையும் மெதுவாக அடுத்த வரவைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் தானே ஒரு குழி வெட்டி, அதில் இருந்து எடுத்து வாளியில் போட்டார்.

பிறகு மிச்ச இடங்களிலும் எடுத்து, கலந்து, பிரித்து, நிழலில் காயவிட்டு அனுப்பினோம். பதில் வரும்வரை தெருவில் வேறு பேச்சு இல்லை. வந்ததும் ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போடியார் வீட்டுக்குப் போனார். ஹாஜியாரும் றபீக்கும் முன் விறாந்தையில். பெண்கள் உள்ளே, கதவுச் சீலைக்குப் பின்னால். தேத்தண்ணியும் மஸ்கத்து இனிப்பும் வைத்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

"பொஸ்பரசு போதும். பொட்டாசியம் கொஞ்சம் குறைவு. உப்புப் பயமில்லை. சேதனப் பொருள் பரவாயில்லை" என்று வாசித்த ஐயா காகிதத்தை மடித்தார். "மொத்தமாச் சொன்னா, ஆள் நடுத்தரம். கேட்கிறதைக் குடுத்தா விளைவார்."

போடியாரின் முகம் தொங்கியது. அவருக்கு அந்த வயல் சுவர்க்கத்தின் ஒரு துண்டு. ஹாஜியாரின் முகத்தில் கடைக்காரக் களை வந்தது.

"நடுத்தரம் எண்டா, முதல்தர விலைக்கு எடுக்க ஏலாதே போடியார். ஒரு அரை ஏக்கர் சேர்த்துப் போடுங்க, முடிச்சிருவம்."

"அரை ஏக்கரா?" போடியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ட வாப்பா காடு வெட்டி எடுத்த பூமி அது. கடையில சீலை கிழிக்கிற மாதிரி கிழிச்சுத் தர ஏலாது. ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி..."

அடுத்த சொல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. போடியார் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. றபீக் தலையைக் குனிந்துவிட்டான். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அப்போதுதான் கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. உரத்த குரல் இல்லை, ஆனால் தெளிவான குரல்.

"வாப்பா, கொஞ்சம் இரிங்க. மாமாட்ட ஒண்டு கேக்கணும்."

கலியாணப் பேச்சில் பெண் கதைக்கிற வழக்கம் அந்த நாளில் எங்கள் ஊரில் இல்லை.

"மாமா, எங்கட மண்ண மூணு தரம் பார்த்தாச்சு. ஆனா இந்த வீட்டுக்கு வாறது மண்ணில்ல, மாப்பிள. அவர ஒரு தரமும் ஒருத்தரும் பார்க்கல்ல. அண்டைக்கு வயல்ல அவரு வெட்டினத்த ஐயா பார்த்தவர்தானே? ஐயாவே சொல்லட்டும். மாப்பிள என்ன தரம்?"

எல்லோரும் நடராசா ஐயாவைப் பார்த்தார்கள். ஐந்து அங்குலத்தை ஆறு என்று சொல்லாத மனிதர். ஒரு துண்டு மண் பிழைத்தாலும் பையைத் திருப்பி அனுப்புகிறவர். இப்போது இந்த மனிதர் உள்ளதைச் சொல்லப் போகிறார், மூன்றும் எறிய வேண்டியது என்று.

ஐயா லேஞ்சியை எடுத்தார். துடைக்க மண்வெட்டி இல்லாததால் மறுபடி உள்ளே வைத்தார்.

"முதல் ரெண்டு குழியும் பிழை" என்றார். "மூண்டாவது சரி. வாளியில சேர்த்தது. அப்பிடிப் பார்த்தா, அவரும் நடுத்தரம்."

என் கையில் இருந்த தேத்தண்ணி சாரனில் சிந்தியது. ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. ஹாஜியார் மகனைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, கணக்கு ஓடியது.

"நடுத்தரத்துக்கு நடுத்தரம்" என்றார் கடைசியில். "அரை ஏக்கர் வேணாம் போடியார். நாள் வைப்பம்."

போடியார் உட்கார்ந்தார். கதவுச் சீலைக்குப் பின்னால் யாரோ விம்மி அழுகிற சத்தம் கேட்டது. அது ஆசியும்மா. றபீக் தட்டில் இருந்த மஸ்கத்துத் துண்டு ஒன்றை எடுத்து, சேறு படாத வாயால் முதல் முறையாகச் சிரித்தான்.

திரும்பி வரும்போது ஜீப்பில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, மூணாவது துண்டையும் நீங்க எறிஞ்ச. நான் கண்டன்."

அவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மண்ணைப் பற்றி நான் இண்டுவரைக்கும் பொய் சொன்னதில்லை காணும்."

"மாப்பிளையப் பத்தி?"

"மாப்பிளையளைப் பரிசோதிக்க எனக்கு ஆய்வுகூடம் இல்லை. விழுந்தவன் எழும்பி இன்னொருக்கா மண்வெட்டி கேட்டான். அது எனக்குப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார்.

நான் சொல்லவில்லை. ஐயா பிறகு மாற்றலாகிப் போனார், ஓய்வு பெற்றார், இப்போது இல்லை. றபீக் வயல்காரனாகிவிட்டான். முதல் போகம் களையையும் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கினான். போடியார் தலையில் அடித்துக்கொண்டார். நாலைந்து போகத்துக்குப் பிறகு அந்தக் கண்டத்திலேயே வரம்பு கட்டினால் றபீக் கட்ட வேண்டும் என்று ஆனது. நான் பென்சன் எடுக்கும்வரை, பெரும்போகத்துக்கு முதல் கந்தோருக்குச் சரியான மண் கொண்டுவந்த ஒரே ஆள் அவன்தான். வறுக்காத மண், அரிக்காத மண்.

இது இத்தோடு முடிந்திருக்கும். புதிய போதனாசிரியர் என் வீட்டுக்கு வந்த அதே கிழமையில் றபீக் டெலிபோன் எடுத்தான். அவர்களுடைய இளைய மகளுக்குச் சம்பந்தம். மாப்பிள்ளை வங்கியில் வேலை. அதே நாவலடிக் கண்டம்தான் சீதனம். மாப்பிள்ளை வீட்டார் மண் ரிப்போட் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சுலைகா, மாப்பிள்ளை முதலில் வயலுக்கு வந்து மண் வெட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். இஸ்மாயில் காக்கா வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

போனேன். மாப்பிள்ளைப் பையன் சப்பாத்தோடு நின்று மூன்று குழி வெட்டினான். அல்லாஹ்வே, றபீக் பரவாயில்லை. வாடிப் பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். றபீக் என்னிடம் வந்து, "எப்படி சேர்?" என்றான். நான் மூன்று குழியையும் பார்த்தேன். வாடிப் பக்கம் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"மூணாவது சரி. நடுத்தரம்" என்றேன்.

மகளின் கை வாயில் இருந்து இறங்கியது. றபீக் மாப்பிள்ளையின் தோளில் தட்டிக்கொண்டு போய்விட்டான். சுலைகா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"நடராசா ஐயாவும் இதைத்தானே சொன்ன காக்கா."

"ஓம். அவர்ட்டப் படிச்சதுதானே."

"அவரு அந்தத் துண்ட அடுத்த வரவைக்குள்ள போட்டுட்டு வேற குழி வெட்டினதையும் நீங்க மட்டும்தான் கண்ட எண்டு இவ்வளவு காலமா நினைச்சிட்டு இரிக்கீங்களா?"

"தெரிஞ்சுமா அண்டைக்கு அப்படிக் கேட்டாய்?" என்றேன்.

"பின்ன? ஐயா உண்மையச் சொல்லியிருந்தா, மாப்பிள கழிவுத் தரம் எண்டு, அரை ஏக்கர் கேட்ட மாமாவே அதுக்கு ஈடா எங்களுக்குக் கால் ஏக்கர் வாங்கித் தந்திருப்பார். பொய்யச் சொன்னா கலியாணம். எது வந்தாலும் எனக்கு நட்டமில்ல." அவள் வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "அண்டைக்கு வாடியில இருந்து நான் என்ன, சோத்துப் பானையையா பார்த்திட்டிருந்தன் காக்கா?"